சனிக்கிழமை மலைச் சைக்கிள் பயணம்: ஆலயக் குழுவோடு வர நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தின் குலசேகரம், பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, கீரிப்பாறை வட்டாரத்து ரப்பர் தோட்டப் பாதைகளிலும் சானல் (பாசனக் கால்வாய்) கரைகளிலும் ஆலயத்து இளைஞர்களும் குடும்பத்தாருமாகச் சேர்ந்து போகும் பயணம் இது. முதல் தடவை வருகிறவர்கள் வழக்கமாகக் கேட்பதற்கெல்லாம் இங்கே பதில் தந்திருக்கிறோம். குழுவில் யார் மெதுவாக ஓட்டுகிறாரோ, அவருடைய வேகம்தான் எல்லோருடைய வேகமும். அவர் பத்திரமாகப் போய்த் திரும்ப வேண்டும் என்பதற்காகவே பிரேக், காற்று, தண்ணீர் என்று இத்தனை கண்டிப்பு.

நான் உங்கள் சபையைச் சேர்ந்தவன் இல்லை. வரலாமா?

தாராளமாக வரலாம். சி.எஸ்.ஐ., கத்தோலிக்கம், இரட்சணிய சேனை, பெந்தெகொஸ்தே என எந்தச் சபையாரும் வரலாம். இந்து, முஸ்லிம் நண்பர்களும் வரலாம். கிளம்புவதற்கு முன் ஒரு சங்கீத வாசிப்பும் சின்ன ஜெபமும் உண்டு, ஐந்து நிமிடத்துக்கு மேல் போகாது. அதில் கலந்துகொள்வது அவரவர் விருப்பம். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதால் வழியில் சைவச் சாப்பாடுதான்.

ஏன் ஞாயிற்றுக்கிழமை போவதில்லை?

ஞாயிறு காலை ஆராதனைக்கும் திருப்பலிக்கும் உரியது. பாடகர் குழுவிலும் ஞாயிறு பள்ளியிலும் பொறுப்பில் இருக்கிறவர்கள் பலர் நம்மோடு ஓட்டுகிறவர்கள்தான். சனிக்கிழமை போனால் மறுநாள் கால்வலி ஆறவும் நேரம் கிடைக்கும். புனித வாரத்திலும் ஆலயப் பொதுவிருந்தான அசனப் பண்டிகை நடக்கும் வாரத்திலும் பயணம் இல்லை.

எத்தனை மணிக்குக் கிளம்பி எப்போது திரும்புவோம்?

ஐந்தரைக்கு வந்துவிடுங்கள், வண்டிகளைச் சோதிக்க அரை மணி நேரம் வேண்டும். ஆறு மணிக்குப் புறப்பாடு. பன்னிரண்டு மணிக்குள் கிளம்பிய இடத்துக்குத் திரும்பிவிட வேண்டும் என்ற கணக்கில்தான் வழியைத் தேர்ந்தெடுக்கிறோம். மலையடிவாரத்தில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மத்தியானத்துக்கு மேல் இடிமழை வழக்கம். இடி மின்னல் நேரத்தில் மரங்களுக்கு நடுவே சைக்கிளோடு நிற்கும் நிலை வரவே கூடாது. புதியவர்கள் வரும் நாளில் மொத்தத் தூரம் 18 முதல் 25 கி.மீ., அதில் பாதி தார்ச்சாலை.

சைக்கிள் ஓட்டியே பல வருடம் ஆகிவிட்டது. என்னால் முடியுமா?

ஒரு எளிய சோதனை இருக்கிறது. உங்கள் ஊர்ப்பக்கம் உள்ள ஒரு சானல் கரையில், அது தோவாளை சானலோ அனந்தனாறோ பட்டணங்காலோ எதுவானாலும் சரி, 15 கி.மீ. ஓட்டிப் பாருங்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் முடித்து, மறுநாள் வழக்கம்போல நடக்க முடிந்தால் நீங்கள் வரலாம். முடியவில்லை என்றால் வாரத்துக்கு மூன்று நாள் வீதம் மூன்று வாரம் அதே தூரத்தை ஓட்டுங்கள், போதும். சானல் கரையை நாங்கள் பரிந்துரைப்பதற்குக் காரணம், அங்கே ஏற்றம் கிடையாது, பஸ்சும் லாரியும் கிடையாது. மண்ணும் சரளையும் மாறி மாறி வருவதால் வண்டி கொஞ்சம் வழுக்கும்போது உடம்பைத் தளர்த்திவைக்கக் கைகள் பழகிவிடும்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் குளுக்கோஸ் பொட்டலத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், முதுகுப்பையின் அடியில் வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இன்ஹேலர் கட்டாயம். இதயச் சிகிச்சை எடுத்தவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டே பெயர் கொடுங்கள்.

கியர் இல்லாத சாதா சைக்கிள் போதுமா?

சானல் கரைப் பயணத்துக்குப் போதும், மலைப்பாதைக்குப் போதாது. கியர் இல்லாதது பெரிய சிக்கல் அல்ல. இறங்கித் தள்ளிக்கொண்டு ஏறலாம். இறக்கத்தில்தான் ஆபத்து. கம்பிப் பிரேக் வைத்த பழைய சைக்கிளில் ரிம் ஈரமானால் பிடிப்பு பாதிக்கும் கீழே போய்விடும், ஒடுங்கிய டயர் சரளையில் பக்கவாட்டில் நழுவும். 26, 27.5 அல்லது 29 அங்குலச் சக்கரமும், இரண்டு அங்குலத்துக்குக் குறையாத அகலமும் கட்டைகளும் உள்ள டயரும், முன்னும் பின்னும் நல்ல பிரேக்கும் இருந்தால் எந்தக் கம்பெனி வண்டியும் சரி.

புதிதாக வாங்கப் போகிறேன். எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பணத்தைப் பிரேக்குக்கும் அளவுக்கும் செலவிடுங்கள். விலை குறைந்த வண்டிகளில் முன் ஷாக்கும் பின் ஷாக்கும் வைத்து ஆசை காட்டுவார்கள். பின் ஷாக் உள்ள மலிவு வண்டி எடை கூடியது. ஏற்றத்தில் நீங்கள் மிதிக்கும் பலத்தின் ஒரு பகுதியை அந்த ஸ்பிரிங்கே தின்றுவிடும். பின் ஷாக் இல்லாத அலுமினியச் சட்டமும் டிஸ்க் பிரேக்கும் முன்னால் சாதாரண ஷாக்கும் போதும். பழைய வண்டி வாங்கினால் மூன்றைச் சோதியுங்கள். சக்கரத்தைச் சுற்றிவிட்டு ரிம் ஆடுகிறதா என்று பாருங்கள். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்து, ஹாண்டில் கழுத்தில் கடகடப்பு இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். சட்டத்தின் வெல்டிங் ஓரங்களில் முடி போன்ற விரிசல் உண்டா என்று வெளிச்சத்தில் பாருங்கள். விரிசல் இருந்தால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.

அளவைப் பொறுத்தவரை, 5 அடி 2 அங்குலம் முதல் 5 அடி 6 அங்குலம் வரை உயரமுள்ளவருக்கு 15, 16 அங்குலச் சட்டம். 5 அடி 10 வரை 17, 18. அதற்கு மேல் 19. சட்டத்தின் மேல் கம்பிக்கு இருபுறமும் கால் ஊன்றி நிற்கும்போது நடுவில் நான்கு விரல் இடைவெளி வேண்டும். பிள்ளை வளருவான் என்று ஒரு அளவு பெரிதாக வாங்கிக் கொடுப்பது நம் பக்கத்து வழக்கம். உடுப்பு விஷயத்தில் சரி, மலையில் ஓட்டும் சைக்கிள் விஷயத்தில் கூடாது.

சீட்டின் உயரம் எப்படி வைப்பது?

சுவரில் சாய்ந்து சீட்டில் உட்காருங்கள். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் முழங்கால் நேராக நிற்க வேண்டும். ஓட்டும்போது முன்பாதத்தால் மிதிப்பீர்கள், முழங்கால் லேசாக மடங்கும், அதுதான் சரி. சீட் தாழ்ந்திருந்தால் 10 கி.மீ. தாண்டியதும் முழங்கால் சிரட்டையின் முன்பக்கம் வலிக்கும். செங்குத்தான இறக்கத்துக்கு முன் 4, 5 செ.மீ. தாழ்த்திக்கொள்ளுங்கள். முதலிலேயே சீட் கம்பியில் டேப் ஒட்டி அடையாளம் வைத்தால் கீழே வந்ததும் பழைய உயரத்துக்கு ஏற்றுவது சுலபம்.

பிரேக் சோதனையில் என்ன பார்ப்பீர்கள்? சரியில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுவீர்களா?

ஆம். அங்கேயே சரிசெய்ய முடியாத பிரேக்கோடு யாரும் மேலே வர முடியாது. அன்றைக்கு அவருக்கு இரவல் வண்டி கிடைக்கிறதா என்று பார்ப்போம்.

வீட்டிலேயே முந்தின நாள் இதைச் செய்துவிடுங்கள். வண்டியிலிருந்து இறங்கி நின்று முன் பிரேக்கை முழுசாகப் பிடித்து முன்னால் தள்ளுங்கள்: பின்சக்கரம் தரையை விட்டு எழும்ப வேண்டும். பின் பிரேக்கைப் பிடித்துத் தள்ளினால் பின்சக்கரம் உருளாமல் இழுபட வேண்டும். பிடியை எவ்வளவு அழுத்தினாலும் அதற்கும் ஹாண்டிலுக்கும் நடுவே இரண்டு விரல் இடம் மிஞ்ச வேண்டும். மிஞ்சவில்லை, கம்பி இழுக்கும் பிரேக் என்றால், பிடியின் அருகே கம்பி நுழையும் இடத்திலுள்ள திருகை வெளிப்பக்கம் திருப்பி இறுக்குங்கள். திருகு எல்லை வரை வந்தும் போதவில்லையென்றால் பேட் தேய்ந்திருக்கிறது, அல்லது கம்பி தளர்ந்திருக்கிறது. பேட்டின் இரும்புத் தகட்டின் மேலுள்ள உராயும் பகுதி 1 மி.மீ.க்குக் குறைந்தால் மாற்றியே ஆக வேண்டும். ரிம்மைப் பிடிக்கும் கட்டை என்றால் அதிலுள்ள கோடுகள் மறைந்ததும் மாற்றுங்கள். கட்டை டயரில் உரசாமல் ரிம்மில் மட்டும் படுகிறதா என்றும் பாருங்கள். உரசினால் டயரின் பக்கவாட்டை அறுத்துவிடும்.

எண்ணெய் பிரேக்கில் பிடி பஞ்சுபோல அமுங்கினால் உள்ளே காற்று புகுந்திருக்கிறது. அதைக் கடையில்தான் எடுக்க வேண்டும், காலை ஐந்தரைக்கு எங்களால் முடியாது.

அடிக்கடி காணும் கோளாறு வேறு ஒன்று. செயினுக்கு ஸ்பிரே எண்ணெய் அடிக்கும்போது பின் டிஸ்க்கிலும் சிதறிவிடும். பார்க்கப் பளபளவென்று நன்றாகவே இருக்கும், பிடித்தால் கீச்சென்று சத்தம் மட்டும் வரும், வண்டி நிற்காது. டிஸ்க்கை ஸ்பிரிட் தொட்ட சுத்தமான துணியால் துடைக்கலாம். பேட் எண்ணெயைக் குடித்துவிட்டிருந்தால் அதைக் காப்பாற்ற முடியாது, புதிதுதான். செயினுக்குச் சொட்டு எண்ணெய் விடுங்கள், ஒரு கண்ணிக்கு ஒரு சொட்டு. ஐந்து நிமிடம் கழித்துத் துணியால் மேல் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள்.

இரவல் வண்டியில் ஏறினால் எந்தக் கை எந்தப் பிரேக் என்று முதலில் பாருங்கள். இங்கே விற்கும் பெரும்பாலான வண்டிகளில் வலக்கை முன் பிரேக். வெளிநாட்டிலிருந்து வந்த வண்டியில் மாறி இருக்கலாம். இறக்கத்தில் கண்டுபிடிக்க வேண்டிய விஷயம் அல்ல இது.

காற்று எவ்வளவு வைக்க வேண்டும்? கல்லுப்போல இருந்தால் நல்லதுதானே?

தார்ச்சாலைக்கு நல்லது, மலைப்பாதைக்குக் கெடுதல். டயரின் ஓரத்தில் அதிகபட்சம் 65 என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து அவ்வளவும் அடித்துக்கொண்டு வருகிறார்கள். அப்படி அடித்த டயர் ஒவ்வொரு கல்லிலும் துள்ளும், மண்ணைப் பிடிக்காது, அந்த அடி முழுவதும் மணிக்கட்டுக்குப் போகும். 70 கிலோ எடையுள்ளவர், டியூப் உள்ள 2.1 அங்குல டயர் என்றால் முன்னால் 30, பின்னால் 33 பி.எஸ்.ஐ. என்று தொடங்கலாம். 10 கிலோ கூடினால் 2 கூட்டுங்கள், குறைந்தால் 2 குறையுங்கள். 25-க்குக் கீழே போனால் கல்லில் மோதும்போது டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கும்.

பெட்ரோல் பங்கில் காற்றடித்தால் மீட்டரில் கண்ணை வையுங்கள். சைக்கிள் டியூபுக்குள் இருக்கும் இடம் கொஞ்சம்தான், இரண்டு மூன்று விநாடியில் அளவு தாண்டிவிடும். மோட்டார் பைக் மாதிரியான தடித்த வால்வுக்குத்தான் அந்தக் குழாய் பொருந்தும். ஒல்லியான வால்வு என்றால் அதற்குரிய பம்பு வேண்டும்.

என்னென்ன சாமான் கொண்டு வர வேண்டும்?

உங்கள் சக்கர அளவுக்கு ஏற்ற ஒரு மாற்று டியூப். இது ஒன்றை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும், ஏனென்றால் 29 அங்குலக்காரரின் டியூப் 26 அங்குலக்காரருக்கு உதவாது. வால்வும் ரிம்மின் ஓட்டைக்குப் பொருந்தாமல் போகலாம். அதோடு இரண்டு டயர் லீவர், 4, 5, 6 மி.மீ. எல் கீ, ஒரு சின்னப் பம்பு. செயின் வெட்டும் கருவி, 8, 9 பல்சக்கரச் செயின்களுக்கான இணைப்புக் கண்ணிகள், பஞ்சர் பெட்டி, முதலுதவிப் பை, பெரிய பம்பு எல்லாம் கடைசியாக வருகிறவரின் பையில் இருக்கும். வண்டி நிற்கிறவர் எப்போதும் அவருக்கு முன்னால்தான் இருப்பார் என்பதால் அங்கே வைக்கிறோம்.

பஞ்சர் ஆனால் யார் ஒட்டுவது?

கூட நிற்போம், ஆனால் உங்கள் கையாலேயே செய்ய வைப்போம். இரண்டு தடவை செய்தால் வந்துவிடும்.

சக்கரத்தைக் கழற்றி, லீவரால் டயரின் ஒரு பக்கத்தை மட்டும் ரிம்மிலிருந்து எடுங்கள். டியூபை இழுத்ததும் வேறு வேலை பார்க்காமல் டயரின் உட்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். முள் அங்கேயே இருக்கும். அதை எடுக்காமல் புது டியூபைப் போட்டால் பத்து நிமிடத்தில் அதுவும் போகும். ஒரே ஒரு ஓட்டை என்றால் முள். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கீறல் என்றால் காற்று குறைவு, ரிம் கடித்திருக்கிறது. அதற்கு முள் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கத்தின் வறண்ட பாதைகளில் உடைமுள்ளும் சீமைக்கருவேல முள்ளும் நிறைய. அங்கே போகும் நாளில் மாற்று டியூப் இரண்டு. மேற்கே ரப்பர் பக்கம் தொட்டாவாடி முள்தான் அதிகம். சிறியது, கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும்.

ஒட்டுப் போடுவதாக இருந்தால் ஓட்டையைச் சுற்றி, ஒட்டும் துண்டை விடப் பெரிய வட்டமாக உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பைப் போக்குங்கள். சொல்யூஷனை மெல்லிதாகப் பூசி, ஈரம் போய் மங்கும் வரை காத்திருங்கள், சாதாரணமாக ஐந்து நிமிடம். மழைக்காலத்தில் நம் ஊர் ஈரப்பதத்துக்கு எட்டு நிமிடம்கூட ஆகும். ஒட்டு பிடிக்காமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த அவசரம்தான். பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்துங்கள். டியூபில் கொஞ்சம் காற்று ஊதி, முறுக்கு விழாமல் உள்ளே வைத்து, டயரைக் கையாலேயே ரிம்முக்குள் தள்ளுங்கள். கடைசி ஒரு சாணுக்கு லீவரைப் பயன்படுத்தினால் புது டியூபிலேயே ஓட்டை விழும். அந்த இடத்துக்கு எதிர்ப்பக்க டயரை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் அமுக்கிவிட்டால் வேண்டிய தளர்ச்சி கிடைத்துவிடும்.

ரப்பர் தோட்டத்துக்குள் போக அனுமதி உண்டா? எதைக் கவனிக்க வேண்டும்?

தனியார் தோட்டங்களில் உரிமையாளரிடம் முன்கூட்டியே கேட்டு, அவர் சொன்ன பாதையில் மட்டும் போகிறோம். அரசு ரப்பர் கழகத் தோட்டங்களில் அந்த அலுவலக அனுமதி இல்லாமல் நுழைவதில்லை. ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் விடியுமுன்னே வேலையில் இறங்கிவிடுவார்கள். காலை நேரத்தில் பால் எடுத்துக்கொண்டு வாளியோடு எதிரே வருவார்கள். அவர்களைக் கண்டதும் இறங்கி வழிவிட வேண்டும். ஒரு வாளி பால் கொட்டினால் அது அவர்களுடைய அன்றைய கூலியைப் பாதிக்கும். சைக்கிளை மரத்தில் சாத்தாதீர்கள். வெட்டுப்பட்டையில் ஹாண்டில் இடித்தால் மரம் கெடும், பால் வடியும் சிரட்டையும் விழும்.

பாதையைப் பற்றி: டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை ரப்பர் இலை உதிரும் காலம். காய்ந்த இலை கணுக்கால் அளவு மூடிக் கிடக்கும், அதன் அடியில் வேர், கல், சில தோட்டங்களில் மழைநீர் பிடிக்க வெட்டிய குழிகள். இந்தக் குழிகள் முக்கால் மீட்டர் ஆழம் வரை இருக்கும். ஆகவே அந்த மாதங்களில் ஜீப் தடத்தை விட்டு மரவரிசைக்குள் இறங்க வேண்டாம். மழைக்கால நடுவில் ரப்பர் காய் வெடித்துக் கொட்டை கொட்டும். வழவழப்பான கொட்டை, வளைவில் டயருக்கு அடியில் கோலிக்குண்டு போல உருளும். அங்கே பிரேக் பிடிக்காமல் நேராக உருட்டிக் கடந்து, தாண்டிய பிறகு பிடியுங்கள்.

காட்டுக்குள் போவோமா?

இல்லை. கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம் 2008-ல் அறிவிக்கப்பட்டது, பரப்பு சுமார் 402 சதுர கி.மீ. அதற்குள் அனுமதியில்லாமல் நுழைவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வனத்துறை எழுத்தில் அனுமதி கொடுத்தால்தான் அந்தப் பக்கம், இல்லையென்றால் சோதனைச் சாவடிக்கு இப்பாலே திரும்புகிறோம். பேச்சிப்பாறை நீர்த்தேக்கத்தைச் சுற்றிக் காணி பழங்குடி மக்களின் குடியிருப்புகள் இருக்கின்றன. அவர்கள் வீட்டு முற்றம் வழியே குறுக்குப்பாதை என்று நுழைவதும் கேட்காமல் படம் எடுப்பதும் கூடாது.

காட்டை ஒட்டிய தோட்டங்களுக்கு யானை வரும். ஆவி பறக்கும் சாணம், புதிதாக ஒடித்த கிளை, பட்டை உரித்த மரம் கண்டால் முன்னால் போகிறவர் எல்லோரையும் நிறுத்தித் திருப்புவார். மணியடிக்காதீர்கள், கத்தாதீர்கள், செல்போனை எடுக்காதீர்கள். வந்த வழியே சத்தமில்லாமல் போய்விடுங்கள்.

யாராவது வழி தவறிவிட்டால்?

தவறாமல் இருக்க ஒரு முறை வைத்திருக்கிறோம். முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர். இந்த இருவரும் மாறமாட்டார்கள். ஒவ்வொரு முக்கிலும் முன்னால் போகிறவருக்கு அடுத்தபடி வருகிறவர் நின்று திசை காட்டுவார். கடைசி ஆள் வந்து சேரும் வரை அவர் நகரக்கூடாது. பிறகு கடைசி ஆளுக்கு முன்னால் சேர்ந்துகொள்வார். அடுத்த முக்கில் அடுத்தவர். இதில் ஒரே ஒருவர் பொறுமையிழந்து கிளம்பிவிட்டாலும் பின்னால் வருகிறவர்கள் வேறு தோட்டத்துக்குள் போய்விடுவார்கள். பேச்சிப்பாறைக்கு மேலே செல்போன் சிக்னல் பல இடங்களில் கிடைக்காது. பின்தங்கியவர் வந்து சேர்ந்ததும் உடனே கிளம்புவதும் கூடாது. அவர் மூச்சு வாங்கி, தண்ணீர் குடித்து, போகலாம் என்று சொன்ன பிறகே கிளம்புகிறோம். இல்லையென்றால் ஓய்வு எல்லோருக்கும் கிடைக்கும், மிகவும் களைத்தவருக்கு மட்டும் கிடைக்காது.

ஏற்றத்திலும் இறக்கத்திலும் எப்படி ஓட்டுவது?

ஏற்றம் தொடங்குமுன்னே சின்ன கியருக்கு வந்துவிடுங்கள். பாதி ஏற்றத்தில் முழுப் பலத்தோடு மிதித்துக்கொண்டே கியர் மாற்றினால் செயின் அறும். மாற்றும் அந்த அரை விநாடி மிதியைத் தளர்த்துங்கள். சரளை ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் சுழன்று நிற்கும். சீட்டின் முன்நுனிக்கு நகர்ந்து நெஞ்சைத் தாழ்த்துங்கள்.

இறக்கத்தில் பெடல் இரண்டும் ஒரே மட்டத்தில், சீட்டிலிருந்து எழும்பி, இடுப்பைப் பின்னால் கொண்டுபோங்கள். முழங்கையும் முழங்காலும் இளகி இருக்கட்டும். இரு கைகளிலும் ஒன்றோ இரண்டோ விரல் பிரேக்கில், மற்ற விரல்கள் பிடியில். பயத்தில் பின் பிரேக்கை மட்டும் பிடிக்கிறவர்கள்தான் அதிகம் விழுகிறார்கள். பின்சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபடும், வண்டி பக்கவாட்டில் போகும். வேகத்தைக் குறைக்கும் பலத்தில் பெரும்பகுதி முன் பிரேக்கிடம்தான் இருக்கிறது, அதை மெதுவாக, வளைவுக்கு முன்பே, சக்கரம் நேராக இருக்கும்போது பயன்படுத்துங்கள். வளைவுக்குள் பிடித்தால் சறுக்கும். கண் முன்சக்கரத்தில் இருக்கக் கூடாது, பத்துப் பதினைந்து மீட்டர் முன்னால் இருக்க வேண்டும். பயமாக இருந்தால் இறங்கி நடங்கள், அதற்காக யாரும் ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள்.

மழை பெய்தால்?

நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் உண்டு, அதனால் மழைக்குப் பயந்தால் வருடத்தில் பாதி ஓட்டவே முடியாது. தூறலுக்கு நிறுத்துவதில்லை. முந்தின இரவு கனமழை பெய்திருந்தாலும் அணைகளிலிருந்து உபரிநீர் திறந்திருந்தாலும் மலைப்பாதை ரத்து. 1906-ல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையின் முழு மட்டம் 48 அடி. அது நெருங்கும்போது மறுகால் திறப்பார்கள், திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை வரும், கீழே குழித்துறை சப்பாத்துப் பாலம் (ஆற்றின் குறுக்கே உள்ள தாழ்ந்த பாலம்) வரை தண்ணீர் ஏறும். தண்ணீர் ஓடும் எந்தச் சப்பாத்தையும் சைக்கிளில் கடப்பதில்லை, கணுக்கால் அளவு என்றாலும் சரி.

ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று மேற்கிலிருந்து தள்ளும். முப்பந்தலில் காற்றாலைகள் வைத்ததே அதற்காகத்தான். அந்த மாதங்களில் அப்பக்கம் போனால் முதலில் எதிர்காற்றில் மேற்கே ஓட்டி, களைத்த பிறகு காற்றோடு திரும்பும்படி வழி போடுகிறோம்.

சாப்பாடு, தண்ணீர்?

இரண்டு லிட்டர் தண்ணீர் ஆளுக்கு. தாகம் எடுக்கக் காத்திருக்காமல் கால் மணிக்கு ஒருமுறை இரண்டு மடக்கு. வியர்வை அதிகம் விடுகிறவர்களுக்குத் தொடை பிடிக்கும். ஒரு பாட்டிலில் உப்புச்சர்க்கரைக் கரைசல் வையுங்கள். வீட்டில் செய்வதானால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு மட்டமாக ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கிளம்புமுன் வயிறு நிறையப் புட்டும் கடலையும் வேண்டாம், இரண்டு மட்டிப்பழமோ ஒரு ஏத்தன்பழமோ போதும். ஒன்பது மணிக்கு நிற்கும் இடத்தில் கஞ்சியும் சிறுபயறும் மரச்சீனியும் இருக்கும். பிளாஸ்டிக் உறை ஒன்றுகூட வழியில் விழக்கூடாது.

பெண்கள் வருகிறார்களா? என்ன உடுப்பது?

வருகிறார்கள், தனி அணியாக அல்ல, குழுவோடுதான். சுடிதார் பேன்ட் சரி. துப்பட்டா வேண்டாம், சக்கரத்தில் சிக்கும். தொளதொளத்த பேன்ட்டின் வலது காலைச் செயினில் மாட்டாமல் ரப்பர் பேண்ட் போட்டுக்கொள்ளுங்கள். ஷூ கட்டாயம், செருப்பு கூடாது. கையுறை நல்லது. நிற்கும் இடத்தைக் கழிப்பறை வசதி பார்த்தே முடிவு செய்கிறோம்.

ஹெல்மெட் இல்லாமல் யாருக்கும் இடமில்லை, மோட்டார் பைக் ஹெல்மெட்டும் உதவாது. புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடத்தில் மட்டமாக உட்கார வேண்டும், தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். ஒரு தடவை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி போடாதீர்கள், உள்ளே தெர்மோகோல் நசுங்கியிருக்கும்.

பிள்ளைகளைக் கூட்டி வரலாமா?

12 வயதுக்கு மேல், பெற்றோரில் ஒருவரோ வீட்டுப் பெரியவர் ஒருவரோ கூடவே ஓட்டினால் வரலாம். 18 வயதுக்குக் கீழே எல்லோருக்கும் பெற்றோரின் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். அதில் இரத்த வகை, ஒவ்வாமை, வீட்டுத் தொலைபேசி எண் மூன்றும் இருக்கட்டும்.

விழுந்து அடிபட்டால்?

சிராய்ப்பைச் சோப்பும் தண்ணீரும் விட்டு மண் போகக் கழுவிக் கட்டுவோம். தலையில் அடி, வாந்தி, குழப்பமான பேச்சு, தோள்பட்டை எலும்பு வீக்கம் என்றால் பயணம் அங்கேயே முடிந்தது. 108-ஐ அழைக்கச் சிக்னல் உள்ள மேட்டுக்கு இரண்டு பேர் சேர்ந்து போவார்கள், தனியாக ஒருவரை அனுப்புவதில்லை. பெரிய சிகிச்சைக்கு ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

பாம்பு கடித்தால் கட்டு இறுக்குவது, கீறுவது, வாய் வைத்து உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து வண்டியில் ஏற்ற வேண்டும், நடக்க விடக்கூடாது. நாய் துரத்தினால் வேகமாக மிதிக்காமல் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து நில்லுங்கள். கடித்துவிட்டால் பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றே தடுப்பூசி. அட்டைக்கு உப்புத்துணி பையில் இருக்கும். நகத்தால் பக்கவாட்டில் தள்ளினாலும் விட்டுவிடும், பிய்த்து இழுக்காதீர்கள்.

என் ஊர் தூரம். சைக்கிளை எப்படிக் கொண்டு வருவது?

நாகர்கோவிலிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் குட்டி யானை வண்டி ஒன்று பேசிக்கொள்கிறோம், வாடகையை வருகிறவர்கள் பகிர்ந்துகொள்வார்கள். செலவு அதுவும் சாப்பாடும் மட்டுமே, பயணத்துக்கென்று கட்டணம் கிடையாது. வண்டிகளை ஒன்று விட்டு ஒன்று திசை மாற்றி அடுக்கி, நடுவில் சாக்கு வையுங்கள். செயின் பக்கம் மேல் இன்னொரு வண்டி சாய்ந்தால் பின் கியரைத் தாங்கும் கொக்கி வளையும். பிறகு பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றும்போது பின் கியர், சக்கரத்தின் ஸ்போக்ஸ் கம்பிக்குள் போய் மாட்டிச் சக்கரமே நாசமாகும். எண்ணெய் பிரேக் உள்ள வண்டியின் முன்சக்கரத்தைக் கழற்றினால் பேட்டுகளுக்கு நடுவே மடித்த அட்டையைச் செருகுங்கள். வழியில் யாராவது பிடியை அழுத்திவிட்டால் பேட் ஒட்டிக்கொள்ளும், டிஸ்க் உள்ளே நுழையாது.

திரும்பி வந்த பிறகு வண்டிக்கு என்ன செய்ய வேண்டும்?

அன்றைக்கே கழுவுங்கள். செம்மண் காய்ந்தால் உப்புத்தாள் வேலை செய்யும், பேட்டையும் செயினையும் தின்னும். வாளித் தண்ணீரும் துணியும் போதும். வாட்டர் சர்வீஸ் கடையின் அழுத்தத் தண்ணீரைச் சக்கர அச்சிலும் பெடல் அச்சிலும் அடித்தால் கிரீஸ் வெளியேறித் துரு பிடிக்கும். செயினைத் துடைத்து, காயவிட்டு, எண்ணெய் விடுங்கள். குளச்சல், முட்டம், கடியப்பட்டணம் போன்ற கடலோர ஊர்க்காரர்கள் ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் வாரம் ஒருமுறை செயினுக்கு எண்ணெய் விட்டு, ஸ்போக்ஸ் கம்பிகளை எண்ணெய்த் துணியால் துடைக்க வேண்டும். டிஸ்க்கில் மட்டும் அந்தத் துணி படக்கூடாது. அடுத்த பயணத்துக்குப் பெயர், வயது, உயரம், சக்கர அளவு நான்கையும் வியாழன் சாயங்காலத்துக்குள் சொல்லிவிடுங்கள்.